நெசவில்லாத் துணியும் நிலத்தடி வேலையும்

துணி என்றாலே ஊடும் பாவும்தான் நம் நினைவுக்கு வரும். தறியில் ஏறாத ஒன்றைத் துணி என்று சொல்லவே நாக்கு கூசும். ஆனால் சாலை, அணை, ரயில் பாதை, தடுப்புச்சுவர் என்று இன்று மண்ணுக்குள் போகிற துணிகளில் பெரும்பகுதி தறியையே காணாதது. வியாபாரத்தில் அதற்கு நான்-ஓவன் ஜியோடெக்ஸ்டைல் என்று பெயர். தமிழில் ‘நெய்யா நிலத்துணி’ எனலாம் என்பது என் யோசனை. நமக்கு இது புதிதும் அல்ல. மரப்பட்டையை அடித்துப் பதப்படுத்திய மரவுரியும் நெய்யாத துணிதானே!

இந்தச் சரக்கை வாங்கி விற்பவன் என்ற முறையில் சொல்கிறேன். வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, “எத்தனை ஜி.எஸ்.எம்.? என்ன ரேட்?” என்பதுதான். அதாவது ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் எடை என்பது. அதற்கு மேல் கேட்கிறவர்கள் குறைவு. புதைத்த பிறகு யாரும் பார்க்க முடியாத பொருளை எடை ஒன்றை மட்டும் வைத்து வாங்கலாமா? அதை விளக்கவே இக்கட்டுரை.

வந்த வழி

மண்ணுக்குள் பாய் விரிப்பது பழைய பழக்கம். இன்றைய இராக்கில் அகர் கூஃப் என்ற இடத்தில், சுமார் 3,400 ஆண்டுகளுக்கு முன் எழுப்பிய கோபுரத்தில், பச்சைச் செங்கல் அடுக்குகளுக்கு நடுவே நாணற்பாய் வைத்திருக்கிறார்கள். 1926இல் அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில் சாலைக்குப் பருத்தித் துணி போட்டுச் சோதித்தார்கள். 1970இல் பிரான்சு நாட்டின் வால்க்ரோ மண் அணையில், 17 மீட்டர் உயரம், பாலியெஸ்டர் நெய்யாத் துணியையே வடிகட்டியாக வைத்தார்கள். பல ஆண்டுகள் கழித்துத் தோண்டி எடுத்துச் சோதித்தபோதும் அது சரியாக வேலை செய்துகொண்டிருந்தது. ‘ஜியோடெக்ஸ்டைல்’ என்ற சொல்லை 1977இல் உண்டாக்கியவர் ஜே. பி. ஜிரூ என்ற பிரெஞ்சுப் பொறியாளர்.

செய்முறையும் குணமும்

பாலிப்ரொப்பிலீன் அல்லது பாலியெஸ்டர் இழைகளைப் பஞ்சு போலச் சிக்கெடுத்து, மெல்லிய படலங்களாக அடுக்குகிறார்கள். பிறகு ஆயிரக்கணக்கான ஊசிகள் பதித்த பலகை அதன்மேல் ஏறி இறங்குகிறது. ஊசியின் ஓரத்தில் தூண்டில் முள் போன்ற வெட்டுகள் இருக்கும். அவை மேல் இழைகளைக் கீழே இழுத்துப் பின்னிவிடும். பசை கிடையாது, நூல் கிடையாது. சூட்டில் ஒட்டவைக்கும் வகையும் உண்டு.

இப்படிச் செய்ததால் துணிக்குத் தடிமன் கிடைக்கிறது. தண்ணீர் குறுக்காகவும் போகும், துணியின் உள்ளேயே நெடுக்காகவும் ஓடும். இழுத்தால் தன் நீளத்தில் பாதிக்கு மேல் நீண்ட பிறகுதான் கிழியும். அதனால் கூர்மையான கல்லோடு வளைந்து கொடுக்கும். நெய்த துணிக்கு வலு அதிகம், நீட்சி குறைவு. உயரமான மண் சுவரைத் தாங்கிப் பிடிக்க நெய்ததோ வலைச்சட்டமோதான் ஏற்றது. ஒன்றின் வேலையை மற்றதிடம் கேட்கக் கூடாது.

மூலப்பொருளிலும் கவனம் வேண்டும். பாலிப்ரொப்பிலீனின் ஒப்படர்த்தி 0.91, தண்ணீரில் மிதக்கும். பாலியெஸ்டர் 1.38, மூழ்கும். துண்டைத் தண்ணீருக்குள்ளேயே பிழிந்து, காற்றுக் குமிழி போன பின் விட்டுப் பார்த்தால் தெரிந்துபோகும். முன்னது அமிலம், காரம் இரண்டையும் தாங்கும். வெயில்தான் அதற்கு எமன். பின்னது வெயிலை ஓரளவு தாங்கும். சுண்ணாம்பு, புது சிமெண்ட் போன்ற கடுங்காரத்தில் நாளடைவில் நைந்துவிடும்.

என்னென்ன வேலை?

முதல் வேலை பிரித்து வைப்பது. தக்காணத்துக் கரிசல் மண்ணில் ஜல்லி கொட்டி ரோடு போடுகிறோம். மழையில் மண் சேறாகிறது. வண்டி ஓட ஓட ஜல்லி கீழே இறங்குகிறது, சேறு மேலே ஏறுகிறது. ஜல்லியில் ஐந்தில் ஒரு பங்கு களிமண் கலந்தாலே போதும், அது ஜல்லியாக இருப்பதில்லை. நடுவே துணி இருந்தால் மண் மண்ணாக இருக்கும், ஜல்லி ஜல்லியாக இருக்கும். ரயில் பாதைக்கும் இதே நியாயம்தான்.

இரண்டாவது வடிகட்டுதல். எங்கள் சமண வீடுகளில் தண்ணீரைத் துணியில் வடிகட்டித்தான் குடிப்பது வழக்கம். அங்கே எல்லாவற்றையும் துணியே பிடிக்க வேண்டும். நிலத்துணியின் வேலை வேறு. முதலில் கொஞ்சம் நுண்மண் துணி வழியே போய்விடும், போகத்தான் வேண்டும். பெரிய துகள்கள் துணியில் முட்டி நிற்கும். அவற்றின்மேல் நடுத்தரமானவை, அதன்மேல் சிறியவை என்று மண்ணே தனக்கு வடிகட்டி கட்டிக்கொள்ளும். துணி அதற்குத் துணை, அவ்வளவுதான். துளை பெரிதானால் மண் அரித்துப் போகும், சிறிதானால் அடைத்துக்கொள்ளும்.

மூன்றாவது, தண்ணீரைத் தன் உடம்பு வழியாகவே நடத்திச் செல்வது. நான்காவது காப்பு. குப்பைக் கிடங்கிலும் குளத்தின் அடியிலும் விரிக்கிற பிளாஸ்டிக் தாளைக் கல் குத்தாமல் தடித்த துணி மெத்தை போலக் காக்கும். ஐந்தாவது, பழைய தார் ரோட்டின்மேல் புது அடுக்கு போடும்போது தாரில் ஊறவைத்த மெல்லிய துணி. சுமார் 140 கிராம் எடையில் வரும் இது, பழைய வெடிப்பு மேலே வருவதைத் தாமதப்படுத்தும், தண்ணீர் இறங்காமலும் தடுக்கும். பாலிப்ரொப்பிலீன் 165 டிகிரி அளவில் உருகும் என்பதால் கலவையின் சூட்டைக் கவனிக்க வேண்டும்.

எதைக் கேட்டு வாங்குவது?

துளை அளவு, நீர் கசியும் திறன், குத்துவிசை தாங்கும் அளவு, நீட்சி, வெயிலில் மிஞ்சும் வலு, இந்த ஐந்தையும் கேட்க வேண்டும். அமெரிக்க நெடுஞ்சாலைத் துறையினரின் எம் 288 விதிப்படி, வடிகாலுக்குப் போடும் துணியில், மண்ணில் நுண்துகள் 15 சதவீதத்துக்குக் குறைவென்றால் துளை 0.43 மி.மீ. வரை இருக்கலாம், 50 சதவீதத்துக்கு மேல் என்றால் 0.22 மி.மீ.யைத் தாண்டக் கூடாது. ஆக, மண்ணைப் பார்க்காமல் துணியைத் தேர்ந்தெடுக்கவே முடியாது. நம் நாட்டிலும் சாலைகளுக்கு இந்தியச் சாலைக் காங்கிரசின் எஸ்.பி. 59 வழிகாட்டி இருக்கிறது. 2019இல் திருத்தி வெளியிட்டார்கள். 2023இல் மத்திய ஜவுளி அமைச்சகம் நிலத்துணிகளுக்குத் தரக்கட்டுப்பாட்டு ஆணையும் பிறப்பித்தது.

“அதே எடைதானே, விலை குறைச்சல்” என்று வடிகாலுக்கு மூட்டைச் சாக்கு மாதிரியான நெய்த துணியைப் போடுகிறவர்கள் உண்டு. அது அடைத்துக்கொண்டால் என்ன ஆகும்? 3 மீட்டர் உயரச் சுவரின் பின்னால் மழைநீர் முழுக்கத் தேங்கி நின்றால், சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்தையும் தண்ணீர் மட்டுமே நாலரை டன் விசையோடு தள்ளும். மண்ணின் தள்ளல் தனி. சுவருக்கு அந்தப் பக்கம் குடிசை இருக்கலாம், பிள்ளைகள் விளையாடலாம்.

நல்ல சரக்கும் போடுகிற விதத்தில் கெடும். சுருளை வெயிலில் போட்டு வைக்காதீர்கள். விரித்த 14 நாளுக்குள் மூடிவிட வேண்டும். விளிம்புகள் குறைந்தது 30 செ.மீ. ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கட்டும். சதுப்பான இடத்தில் ஒரு மீட்டர் வரை, அல்லது தைத்துவிடுவது. துணியின்மேல் நேராக லாரியை ஓட்டக் கூடாது.

நம்மில் பலர் குடியிருப்புச் சங்கங்களின் கமிட்டியில் இருக்கிறோம். தடுப்புச்சுவரோ உட்சாலையோ கட்டும்போது ஒப்பந்தக்காரரிடம் இரண்டே கேள்வி கேளுங்கள்: இந்த இடத்து மண்ணைச் சோதித்தீர்களா? வந்திறங்கிய சுருளுக்குச் சோதனைச் சான்று எங்கே? சுருளின் எண்ணும் சான்றின் எண்ணும் ஒன்றா என்று நின்று பாருங்கள். மூடுவதற்கு முன் ஒரு போட்டோவும், ஒரு முழம் துணியும் சங்க அலுவலகத்தில் இருக்கட்டும்.