கணிப்பொறியின் தாளத்தைக் கூட்டலாமா?

திண்டுக்கல்லிலிருந்து மதுரை செல்லும் வழியில் இருக்கிறது சின்னாளப்பட்டி. சுங்குடிச் சேலைக்குப் பெயர்பெற்ற ஊர். அங்கே ஒரு கைத்தறியின் அருகில் சற்று நேரம் நின்று பாருங்கள். நெசவாளர் மிதியை அழுத்துகிறார். பாவு நூல்கள் மேலும் கீழுமாகப் பிரிகின்றன. அந்த இடைவெளியில் நாடா ஒரு புறமிருந்து மறுபுறம் ஓடுகிறது. அது கடந்து முடிந்த பிறகே அடுத்த மிதி. நாடா பாதி வழியில் இருக்கும்போதே மிதியை மாற்றினால்? நாடா சிக்கிக்கொள்ளும்; இழைகள் அறுந்துபோகும்.

மேசைக் கணிப்பொறிக்குள்ளும் இப்படி ஒரு மிதி உண்டு. அதன் பெயர் கடிகாரத் துடிப்பு. தாய்ப்பலகையிலுள்ள சிறு குவார்ட்ஸ் படிகம் ஒன்று சீராக அதிர்கிறது. அந்த அதிர்வைக் கொண்டு அடிப்படைத் துடிப்பு உண்டாக்கப்படுகிறது. செயலி அதை ஒரு பெருக்கி எண்ணால் பெருக்கித் தன் வேகமாக எடுத்துக்கொள்கிறது. 2011-ஆம் ஆண்டு வெளிவந்த இன்டெல் கோர் ஐ7-2600கே என்ற செயலியை எடுத்துக்கொள்வோம். அடிப்படைத் துடிப்பு 100 மெகாஹெர்ட்ஸ். பெருக்கி எண் 34. ஆகவே அதன் வேகம் 3,400 மெகாஹெர்ட்ஸ், அதாவது வினாடிக்கு 340 கோடி துடிப்புகள்! ஒரு துடிப்பின் நேரத்தில் ஒளியே ஏறத்தாழ 9 சென்டிமீட்டர்தான் செல்ல முடியும். அதற்குள் மின்குறிகள் பல டிரான்சிஸ்டர்களைக் கடந்து, விடையாக நிலைபெற வேண்டும்.

கணிப்பொறியைத் தொடங்கும்போது பயாஸ் என்ற அமைப்புத் திரையைத் திறந்து, பெருக்கி எண்ணை 34-லிருந்து 38 ஆக மாற்றினால் வேகம் 3.8 கிகாஹெர்ட்ஸ் ஆகும். இதைத்தான் ‘ஓவர்கிளாக்கிங்’ என்கிறார்கள். ஒரே தொழிற்சாலையில் செய்த சில்லுகளும் ஒன்றுபோல் இருப்பதில்லை. ஆகவே எல்லாம் தவறின்றி இயங்கும்படி, சற்றுக் குறைவான வேகத்தையே முத்திரையிடுகிறார்கள். ஓவர்கிளாக்கிங் அந்த மீதியைத்தான் பயன்படுத்துகிறது.

பூட்டுக்குப் பேர்போன திண்டுக்கல்லில் ஒரு பூட்டுக் கதையும் சொல்லியாக வேண்டும். குறைந்த வேகச் சில்லுகளின் மேல் கூடுதல் வேகத்தைப் பொறித்து விற்ற மோசடியைத் தடுக்கவும், தயாரிப்பாளர்கள் பெருக்கி எண்ணைப் பூட்டினார்கள். 1998-இல் வந்த செலரான் 300ஏ சில்லிலும் பெருக்கி எண் 4.5 என்று பூட்டப்பட்டிருந்தது. ஆனால் அடிப்படைத் துடிப்புக்குப் பூட்டு இல்லை! 66-ஐ 100 ஆக்கியதும், 300 மெகாஹெர்ட்ஸ் சில்லு 450-இல் ஓடியது. 2000-ஆம் ஆண்டையொட்டி வந்த சில ஏஎம்டி அத்லான் சில்லுகளில், மேற்பரப்பிலிருந்த நுண்ணிய இணைப்புகளைத் துண்டித்துப் பூட்டியிருந்தார்கள். அந்த இடைவெளியில் பென்சிலால் கோடிழுத்தே சிலர் பூட்டைத் திறந்தார்கள். கிராஃபைட் மின்சாரத்தைக் கடத்தும் என்று நீங்கள் வேதியியலில் படித்ததுதான் அங்கே சாவி!

இதில் நட்டமே இல்லையா? உண்டு. மிதியின் வேகத்தைக் கூட்டினால் நாடாவையும் பலமாக வீச வேண்டுமல்லவா? செயலியில் அந்தப் பலம் மின்னழுத்தம். அதை உயர்த்தினால் டிரான்சிஸ்டர்கள் விரைந்து மாறும். ஆனால் செலவாகும் திறன், அதிர்வெண்ணுக்கு நேர்விகிதத்திலும் மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்திலும் உயரும். இரண்டையும் 10 சதவீதம் கூட்டுங்கள்: 1.1 × 1.1 × 1.1 = 1.33. வேகம் 10 சதவீதம்தான் கூடியது; வெப்பமோ 33 சதவீதம் கூடிவிட்டது.

இனி ஊருக்கு வருவோம். ஒரு செயலி 95 வாட் செலவிடுகிறது. அதன் மேலுள்ள உலோகத் தகடுகளும் விசிறியும் ஒவ்வொரு வாட்டுக்கும் 0.4 டிகிரி உயர்வில் அதைக் குளிர்விக்கின்றன என்று கொள்வோம். அறையைவிடச் செயலி 38 டிகிரி சூடாக இருக்கும். கோடையில் திண்டுக்கல் அறை 38 டிகிரி என்றால் செயலி 76 டிகிரி. அதே கணிப்பொறி 20 டிகிரியுள்ள கொடைக்கானல் அறையில் 58 டிகிரிதான். (மலைக் காற்று அடர்த்தி குறைந்தது, ஆகவே விசிறியின் பலன் அங்கே சற்றுக் குறையும்.) இப்போது வேகத்தைக் கூட்டுங்கள். 126 வாட் ஆகும். திண்டுக்கல்லில் செயலி 88 டிகிரியைத் தாண்டும். தகடுகளில் தூசியும் பஞ்சும் படிந்து 0.4 என்பது 0.5 ஆனால்? 101 டிகிரி! ஏறத்தாழ 100 டிகிரியில் இத்தகைய செயலிகள் தம்மைக் காத்துக்கொள்ளத் தாமே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கூட்டிய வேகம் கைக்கு வராமலே போய்விடும்.

இதைவிடப் பெரிய ஆபத்து, சத்தமில்லாத பிழை. நாடா சிக்கினால் நெசவாளருக்குத் தெரியும். செயலியில் ஒரு விடை தாமதமாக வந்தால், கணிப்பொறி நின்றுபோகலாம். அல்லது நிற்காமலே தவறான எண்ணை எழுதிவைக்கலாம். நீங்கள் சேமித்த பாடமும் படமும் கெடலாம். அதனால்தான் அனுபவசாலிகள் முதலில் நகல் எடுத்துவைப்பார்கள். பிறகு ஒவ்வொரு படியாகக் கூட்டி, மணிக்கணக்கில் சோதிப்பார்கள். பெருக்கி எண்ணில் செய்த தவறைப் பெரும்பாலும் திருத்திவிடலாம்: மின்இணைப்பைத் துண்டித்து, தாய்ப்பலகையின் காசு வடிவ மின்கலத்தைச் சிறிது நேரம் எடுத்துவைத்தால், பல பலகைகளில் பழைய அமைப்பு திரும்பும். அளவு மீறிய மின்னழுத்தத்தால் கெட்ட செயலிக்கு அந்த மாற்று இல்லை.

ஆகவே, வீட்டில் எல்லோருக்குமாக இருக்கும் ஒரே கணிப்பொறியில் இதைச் செய்து பார்க்க வேண்டாம். வேறொரு சோதனை செய்யுங்கள். பயாஸ் திரை காட்டும் செயலியின் வெப்பநிலையைக் காலையிலும் பிற்பகலிலும் குறித்துவையுங்கள். பிறகு பெரியவர் ஒருவரின் துணையோடு, மின்இணைப்பை நீக்கி, தகடுகளிலுள்ள தூசியை மென்மையான தூரிகையால் அகற்றுங்கள். மறுநாள் அதே நேரங்களில் மீண்டும் குறியுங்கள். எத்தனை டிகிரி குறைந்தது? செலவே இல்லாமல் உங்கள் கணிப்பொறிக்குக் கொடைக்கானலின் ஒரு துளியைக் கொண்டுவந்திருப்பீர்கள்!