ஹைபிரிட் ஜீப்: இப்போது வாங்குவதா, பொறுப்பதா?

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபோது, "சில மாதங்களில் திறந்து விடுவார்கள்" என்று பொறுத்திருந்தோர் பலர். தனியார் வாகனங்களுக்கு வழி திறந்ததோ 2025 பெப்ரவரியில்தான். இடையில் 2022இல் டொலர் சுமார் 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை ஏறியது. ஆகவே, பொறுத்தால் விலை இறங்கும் என்பது வெறும் ஊகம், வியாபாரக் கணக்கல்ல.

அதற்காக அவசரப்படவும் கூடாது. முதலில் எரிபொருளைக் கணக்கிடுங்கள். வருடத்துக்கு 15,000 கிலோமீற்றர் ஓடுவதானால், லீற்றருக்கு 12 கி.மீ. ஓடும் பெற்றோல் ஜீப்புக்கு 1,250 லீற்றர் வேண்டும். 18 கி.மீ. ஓடும் ஹைபிரிட்டுக்கு 833 லீற்றர் போதும். மிச்சமாகும் 417 லீற்றரை இன்றைய விலையால் பெருக்குங்கள். இரு வாகனங்களின் விலை வித்தியாசத்தை அத்தொகையால் வகுத்தால், எத்தனை வருடங்களில் பணம் திரும்பும் என்பது தெரியும். நகர நெரிசலில் ஓடுவோருக்கு இலாபம் கூடுதல். நெடுஞ்சாலையில் ஓடுவோருக்குக் குறைவு. பாவித்த வாகனமாயின், பெட்டரியைப் பரிசோதிக்காமல் முற்பணம் கொடுக்க வேண்டாம்.

எல்லாவற்றிலும் முக்கியமானது, பணம் எங்கிருந்து வருகிறது என்பதுதான். கடையில் சுழலும் முதலை ஜீப்பில் முடக்கினால், பெருநாள் சீசனுக்குச் சரக்கெடுக்க வட்டிக் கடனின் வாசலில் நிற்க நேரிடும். வட்டியில்லாத இஜாரா முறையில் எடுத்தாலும், வியாபாரம் மந்தமான மாதத்திலும் தவணை கட்டியே ஆகவேண்டும்.

சரக்கு முதலைத் தொடாமல் வாங்க முடியுமானால், இப்போதே வாங்கலாம். இல்லையேல் பொறுப்பதே புத்தி. கடை நிலைத்தால், ஜீப்பை இன்ஷா அல்லாஹ் பிறகும் வாங்கலாம்.