நொதிக்குப் பூட்டிய கடிவாளம்

திடீரென்று பயம் பற்றிக்கொண்டால் அட்ரினலின் சுரக்கிறது. நெஞ்சு படபடக்கிறது, கல்லீரலில் இருக்கும் கிளைகோஜன் குளுக்கோஸாகி ரத்தத்தில் கலக்கிறது. இத்தனைக்கும் அந்த ஹார்மோன் செல்லுக்குள் நுழைவதே இல்லை. வெளிச்சவ்வில் உள்ள ஏற்பியைத் தொடுவதோடு அதன் வேலை முடிகிறது. உடனே உள்ளே சைக்ளிக் ஏஎம்பி என்ற சிறு மூலக்கூறு பெருகுகிறது. அது எழுப்பிவிடும் நொதிதான் புரோட்டீன் கைனேஸ் ஏ. 1968-இல் எட்வின் கிரெப்ஸின் குழு முயல் தசையில் இதைக் கண்டறிந்தது.

மற்ற புரதங்களில் பாஸ்பேட்டை ஒட்டி, அவற்றின் போக்கை மாற்றுவது இந்த நொதியின் தொழில். ஓய்வில் இருக்கும்போது இதில் நான்கு துணை அலகுகள்: வேலை செய்பவை இரண்டு, அவற்றை அடக்கி வைப்பவை இரண்டு.

அடக்கும் விதம்தான் அழகு. இரண்டு ஆர்ஜினின், அருகில் ஒரு செரின் என்று அமைந்த இடத்தைத் தேடித்தான் இந்த நொதி பாஸ்பேட்டை ஒட்டும். அடக்கும் அலகுகளில் ஒரு வகை, அதே அமைப்பை நீட்டி நொதியின் வாயை அடைத்துவிடுகிறது. ஆனால் செரின் இருக்க வேண்டிய இடத்தில் அலனின் இருக்கிறது. பாஸ்பேட்டை ஏற்கும் ஹைட்ராக்ஸில் தொகுதி அலனினில் கிடையாது. கவ்வலாம், மேற்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. அடக்கும் அலகு ஒவ்வொன்றிலும் இரண்டு சைக்ளிக் ஏஎம்பி வந்து அமர்ந்தால் அதன் வடிவம் மாறி, பிடி தளர்கிறது. புதிதாக எந்தப் புரதத்தையும் தயாரிக்கக் காத்திருக்காமல் செல் நொடிகளில் செயல்பட இந்த ஏற்பாடே காரணம்.

கடிவாளம் அறுந்தால் என்ன ஆகும்? அடக்கும் அலகுக்கான பிஆர்கேஏஆர்1ஏ மரபணு பழுதானால் கார்னி காம்ப்ளெக்ஸ் என்ற பரம்பரை நோய் வருகிறது. இதயத்தில் கட்டி, தோலில் புள்ளிகள், சிலருக்கு அட்ரினல் சுரப்பியிலிருந்து அளவுமீறிய கார்டிசால். 2014-இல் இன்னொரு வழியும் தெரியவந்தது. கார்டிசால் மிகும் குஷிங் நோய்க்குறி கொண்ட சிலரின் அட்ரினல் கட்டிகளில் அடக்கும் அலகு நன்றாகவே இருந்தது. வேலை செய்யும் அலகில், 206-ஆம் இடத்து லியூசின் மட்டும் ஆர்ஜினினாக மாறியிருந்தது. இரு அலகுகளும் பொருந்தும் பரப்பு அதுதான். பருத்த, மின்னூட்டம் கொண்ட ஆர்ஜினின் அங்கே நிற்பதால் பிடிமானமே கிடைப்பதில்லை.

இப்படிப் பாஸ்பேட்டை ஒட்டும் நொதிகளான கைனேஸ்களுக்கு எதிரான மருந்துகளில் பெரும்பாலானவை, அந்தப் பாஸ்பேட்டைத் தரும் ஏடிபி என்ற மூலக்கூறு அமரும் பள்ளத்தை அடைப்பவை. அந்தப் பள்ளம் நூற்றுக்கணக்கான கைனேஸ்களில் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கிறது. குறிவைத்ததை விட்டு வேறொன்றையும் தாக்கும் ஆபத்து அதனால்தான். அலகுகள் ஒன்றையொன்று பிடிக்கும் பரப்போ நொதிக்கு நொதி வேறுபடுகிறது. மருந்து தேடுவோர் அங்கே இன்னும் கூடுதலாகக் கவனம் செலுத்த வேண்டும்.