சர்ப்பகந்தியின் வேரும் ஆராய்ச்சிக் கூடமும்

பிற மாநிலங்களில் குடியேறி வாழும் நமக்கு நாட்டு மருந்துக் கடையில் அடிக்கடி நேரும் சங்கடம் ஒன்றுண்டு. ஊரிலிருந்து வந்த கடிதத்தில் எழுதப்பட்டிருக்கும் மூலிகையை இங்குள்ள கடைக்காரரிடம் எப்பெயரால் கேட்பது? ஓமம் என்றால் அவருக்கு விளங்காது. அஜ்வாயின் என்றால் உடனே எடுத்துத் தருவார். செடி ஒன்று, பெயர் இரண்டு, இதனால் தீங்கில்லை. ஆனால் பெயர் ஒன்றாக இருந்து, செடி இரண்டாகிவிடுவதும் உண்டு. வட நாட்டில் பிராமி என்று கேட்டால் ஓரிடத்தில் நீர்ப்பிரமி கிடைக்கும். மற்றோரிடத்தில் நமது வல்லாரையே கிடைக்கும். வடக்கே சங்கபுஷ்பி என்பது தரையில் படரும் ஒரு சிறு பூண்டு. கேரள வைத்தியர்களுக்கோ அது வேலியில் ஏறும் சங்குப்பூக் கொடி. சொல்லை மொழிபெயர்க்கலாம், செடியை மொழிபெயர்க்க இயலாது.

ஆகவே, செடி இன்னதென்று ஐயமின்றித் தெளிவதே மூலிகை ஆராய்ச்சியின் முதற்படி. அதனுள் அடங்கிய பொருள்களைப் பிரித்தெடுப்பது இரண்டாவது. அப்பொருள் உடலில் செய்யும் வேலையைப் பிராணிகளிடம் சோதித்தறிவது மூன்றாவது. நோயாளிகளுக்கு அளவறிந்து கொடுத்து, நன்மையையும் தீமையையும் குறித்துக்கொள்வது நான்காவது. இப்படிகள் அனைத்தையும் கடந்த நம் நாட்டு மூலிகை ஒன்றின் வரலாற்றை இங்கே காண்போம். அதுவே சர்ப்பகந்தி.

இமயமலையின் அடிவாரத்திலும் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளிலும் நிழலில் வளரும் சிறு செடி இது. பாம்புக் கடிக்கு மருந்தென்று நம் முன்னோர் இதன் வேரைப் போற்றினர். சித்தங் கலங்கியவரை அமைதிப்படுத்தவும் இது வழங்கப்பட்டதால், வட நாட்டில் 'பாகல் கீ தவா', அதாவது பைத்தியத்தின் மருந்து, என்ற பெயரும் இதற்கு உண்டு.

தில்லிக் கரோல்பாகில் வாழ்ந்த தமிழர்களுக்கு அங்குள்ள திப்பியா கல்லூரி அறிமுகமானதே. ஹக்கீம் அஜ்மல்கான் வளர்த்த அக்கல்லூரியின் ஆராய்ச்சிக் கூடத்தில் சலிமுஸ்ஸமான் சித்திக்கி என்னும் இரசாயன அறிஞர், ரஃபத் ஹுஸைன் சித்திக்கியுடன் சேர்ந்து, 1931-ஆம் ஆண்டில் இவ்வேரிலிருந்து சில காரப் பொருள்களைப் பிரித்தெடுத்தார். அவற்றுள் ஒன்றுக்கு ஹக்கீமின் நினைவாக அஜ்மலின் என்று பெயரிட்டார். அதே ஆண்டில் கல்கத்தாவில் கணநாத சேனும் கார்த்திக் சந்திர போஸும், இவ்வேர் இரத்த அழுத்தத்தையும் சித்தப் பிரமையையும் தணிப்பதாக எழுதினர்.

பம்பாயைச் சேர்ந்த இருதய வைத்தியர் ருஸ்தம் ஜால் வக்கீல், இரத்த அழுத்த நோயாளிகள் ஐம்பதின்மருக்கு இம்மருந்தைக் கொடுத்துக் கண்ட பலனை 1949-இல் இங்கிலாந்தின் இருதய மருத்துவ ஏடொன்றில் வெளியிட்டார். உலகத்தின் கவனம் இதன்பால் திரும்பிற்று. 1952-இல் ஸ்விட்ஸர்லாந்தின் பாஸெல் நகரில் சீபா கம்பெனியின் ஆராய்ச்சியாளர்கள் வேரின் முக்கிய மருந்துப் பொருளைத் தனியே பிரித்து, ரெஸர்ப்பின் என்று பெயரிட்டனர். 1956-இல் அமெரிக்க அறிஞர் உட்வர்ட் அதனை ஆராய்ச்சிக் கூடத்திலேயே செயற்கையாக உருவாக்கிக் காட்டினார்.

இம்மருந்து வேலை செய்யும் விதம் யாது? நரம்பின் முனைகளில் நுண்ணிய பைகள் உள்ளன. இரத்தக் குழாய்களைச் சுருங்கச் செய்யும் பொருள் அவற்றில் சேமித்து வைக்கப்படுகிறது. ரெஸர்ப்பின் அப்பைகளில் அப்பொருள் சேராதவாறு தடுக்கிறது. சேமிப்புக் குறையவே குழாய்கள் தளர்கின்றன. இரத்த அழுத்தம் இறங்குகிறது. ஆனால் மூளையிலும் இத்தகைய பைகள் உள்ளன. அங்கும் சேமிப்பு வறளுவதால், அதிக அளவில் இதனை உண்டவர்களில் சிலருக்கு ஆழ்ந்த மனச்சோர்வு உண்டாயிற்று. வேறு மருந்துகள் வந்தபின் இதன் வழக்கம் பெரிதும் குறைந்தது.

எனினும் அக்குறையும் அறிவுக்கு உதவிற்று. ஸ்வீடன் நாட்டு அறிஞர் கார்ல்ஸன், ரெஸர்ப்பின் கொடுத்த பிராணிகள் அசைவற்றுப் போவதையும், டோப்பா என்னும் பொருளைக் கொடுத்ததும் அவை மீண்டும் நடமாடுவதையும் 1957-இல் கண்டார். நடுக்குவாத நோய்க்கு மருந்து காண அது வழி திறந்தது. 2000-ஆம் ஆண்டில் அவர் நோபல் பரிசைப் பகிர்ந்து பெற்றார்.

நறுமணச் செடிகளின் கதையும் இதை ஒத்ததே. ஓமத்தை நீராவியில் வடித்தால் எண்ணெய் கிடைக்கும். அதிலிருந்து தைமால் என்னும் ஓம உப்பைப் பிரிக்கலாம். கிருமிகளைக் கொல்லும் இப்பொருள், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொக்கிப் புழுவை வெளியேற்ற வழங்கப்பட்டது. அதனினும் தீங்கு குறைந்த மருந்துகள் பின்னர் அதன் இடத்தைப் பெற்றன. புதினா எண்ணெயிலிருந்து மெந்தால் எடுக்கும் தொழில் உத்தரப் பிரதேச உழவர்களுக்கு இன்று பெரும் வருவாய் தருகிறது. 1959-இல் தோன்றி, இன்று லக்னோவைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்கும் மத்திய மருத்துவ, நறுமணத் தாவர நிறுவனம் இத்தகைய பயிர்களை மேம்படுத்தி வருகிறது.

பயிரிடுவதன் அவசியத்தைச் சர்ப்பகந்தியே நமக்கு உணர்த்துகிறது. மருந்து வேரில் இருப்பதால், அதை எடுப்பவன் செடியையே மாய்க்கிறான். உலகத் தேவை பெருகியபோது காடுகளில் வரைமுறையின்றித் தோண்டினர்; செடி அருகிற்று. 1990 முதல் அதன் பன்னாட்டு வாணிபம் உடன்படிக்கையால் கட்டுப்படுத்தப்பட்டுள்ளது. விதைத்து வளர்த்தால் ஏறக்குறைய ஒன்றரை ஆண்டில் வேரை எடுக்கலாம்.

மூலிகை என்பதனாலேயே ஒன்று தீங்கற்றதாகிவிடாது என்பதை இவ்வரலாறு காட்டுகிறது. வேருக்கு வேர் மருந்தின் அளவு மாறும். கடைச்சரக்கில் வேறு செடியின் வேரும் கலந்திருக்கலாம். இரத்த அழுத்தத்திற்கு மாத்திரை உண்போர் அதனுடன் சர்ப்பகந்தியையும் தாமே சேர்த்துக்கொண்டால் அழுத்தம் அளவு மீறி இறங்கக்கூடும். எனவே, உட்கொள்ளும் மூலிகை எதுவாயினும் டாக்டரிடம் மறையாது கூறுவோமாக. வாங்கும்போது ஊர்ப் பெயரோடு தாவரவியல் பெயரையும் கேட்டு வாங்குவோமாக. எம்மாநிலத்திலும் மாறாத பெயர் அது ஒன்றே.