பானை, நாய், ஓட்டுச்சில்லு: வட்டார வரலாற்றுப் பாடத்தின் தொடக்கம்

மன்னர் பெயரிலும் ஆட்சியாண்டிலும் தொடங்கும் வட்டார வரலாற்றுப் பாடம் நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மனப்பாடமாகவே நின்றுவிடுகிறது. ஒன்பது, பத்து வயதுக்கு நூற்றாண்டுக் கணக்கு எளிதில் பிடிபடாது. ஆனால் ஒரு பொருளைக் கண்டதும் “இது யாருடையது, எதற்கு?” என்று துருவிக் கேட்க அந்த வயதுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்தக் கேள்வியிலிருந்து பாடத்தைத் தொடங்குவதே நல்லது.

காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூரின் கல்வெட்டுகள் இதற்கு அருமையாகப் பொருந்தும். முதலாம் பராந்தகச் சோழன் காலத்தில், 919, 921 ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்டவை இவை. ஏரி வாரியம், தோட்ட வாரியம் முதலிய ஊர்க் குழுக்களுக்குக் குடவோலையால், அதாவது பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டு எடுத்து, ஆள் தேர்ந்த முறையை அவை படிப்படியாகச் சொல்கின்றன. ஆசிரியர் விளக்கம் எதுவும் சொல்லாமல் மேசையில் ஒரு மண்பானையை வைத்து, பிள்ளைகளைச் சீட்டில் பெயர் எழுதிப் போடச் சொல்லலாம். வகுப்பிலேயே சிறிய பிள்ளை ஒரு சீட்டை எடுக்கட்டும்; அன்றும் உள்ளே இருப்பதை அறியாத சிறுவன்தான் எடுத்தான். சீட்டை வாங்குபவர் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் வாங்கிப் படிக்க வேண்டும் என்கிறது கல்வெட்டு. ஏன் விரலை விரிக்க வேண்டும்? வேறொரு ஓலையைக் கைக்குள் ஒளித்து மாற்றிவிட முடியாது என்பதைப் பிள்ளைகள் தாங்களே கண்டுபிடிப்பார்கள். அந்த இடத்தில் பாடம் பிடித்துக்கொள்ளும்.

அடுத்த கேள்வி, யார் பெயர் பானைக்குள் போகலாம் என்பது. வரி செலுத்தும் கால்வேலிக்கு (வேலி என்பது பழைய நில அளவு) மேற்பட்ட நிலமும் சொந்த மனையில் வீடும் வேண்டும். வயது 35க்கு மேல், 70க்குள் இருக்க வேண்டும். முன்பு பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாதவருக்கும் அவருடைய உறவினருக்கும் இடமில்லை. நிலமற்றவர்களும் பெண்களும் பானைக்கு வெளியே நின்றார்கள். பெருமையை மட்டும் சொல்லி இதை விட்டுவிடக் கூடாது. பிள்ளைகளின் மிகக் கூர்மையான கேள்விகள் இங்கேதான் பிறக்கும்.

திருவண்ணாமலை மாவட்டப் பள்ளிக்கு எடுத்தனூர் நடுகல் இருக்கிறது. மகேந்திரவர்மப் பல்லவன் காலத்து அந்தக் கல்லில் வீரன் கருந்தேவக்கத்தியோடு ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. முதலில் படத்தை மட்டும் காட்டி, “நாய்க்கு ஏன் கல்லில் இடம்?” என்று ஊகிக்கவிட வேண்டும். கோவிவன் என்ற அந்த நாய் இரு கள்வரைக் கடித்ததாகச் சொல்லும் எழுத்தை அதன் பிறகு படித்துக் காட்டலாம். சிவகங்கை மாவட்டத்தில் கீழடிப் பானை ஓடுகள். ‘ஆதன்’ போன்ற பெயர்கள் அவற்றில் கீறப்பட்டுள்ளன. உடைந்த புதுச் சட்டியின் ஓட்டில் பிள்ளைகள் தம் பெயரைக் கீறிப் பார்த்தால், அன்று கீறிய கையின் சிரமம் புரியும். தொல்லியல் இடங்களிலிருந்து ஓடுகளைப் பொறுக்கி வரச் சொல்லக் கூடாது.

கல்வெட்டே இல்லாத ஊரிலும் தெருப்பெயர், ஏரி மதகு, பழைய பத்திரம், தாத்தா பாட்டியின் நினைவு என்று ஏதேனும் ஒன்று கிடைக்கும். எதை எடுத்தாலும் தொடக்கம் பத்து நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். கேள்வி எழுந்த பிறகே மன்னர் பெயரும் ஆண்டும் கரும்பலகைக்கு வரலாம்.