மிதிவண்டிப் பாதைகளும் ஊராட்சிகளும்

மிதிவண்டி நாட்டுப்புற மக்களின் வாகனம் என்று சொன்னால் மறுப்பார் இரார். வயலுக்கு உரமூட்டை சுமப்பதும், கூட்டுறவுச் சங்கத்திற்குப் பால் கொண்டு செல்வதும், அரசு வழங்கும் விலையில்லா மிதிவண்டியாகப் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளைப் பள்ளிக்குக் கொண்டு சேர்ப்பதும் அதுவே. ஆயினும் அண்மை ஆண்டுகளில் வேறொரு காட்சியையும் நமது கிராமச் சாலைகளில் காண்கிறோம். விடியற்காலையில், தலைக்கவசம் அணிந்த நகரத்தார் சிலர், மெல்லிய சக்கரங்களையுடைய மிதிவண்டிகளில் கூட்டமாக நம் ஊர்களைக் கடந்து செல்கின்றனர். “இவர்கள் எதற்காக இவ்வளவு தொலைவு மிதித்து வருகிறார்கள்? இவர்களால் ஊருக்கு என்ன பயன்?” என்று ஊராட்சி உறுப்பினர்கள் நம்மிடம் வினவியதுண்டு. அவ்வினாக்களுக்கு விடை கூறுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒரே நாளில் கடலும் மலையும்

இத்தகைய பயணத்திற்கு ஏற்ற இடங்களுள் கன்னியாகுமரி மாவட்டம் சிறந்ததோர் எடுத்துக்காட்டு. சுமார் 1,670 சதுர கிலோமீட்டர் பரப்பே உள்ள இச்சிறு மாவட்டத்தில், சுமார் 70 கிலோமீட்டர் கடற்கரையும் மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடியும் ஒருங்கே அமைந்துள்ளன. காலையில் கடற்கரையை விட்டுப் புறப்படுபவர் அன்று மாலைக்குள் மலையடிவாரத்தை அடைந்துவிடலாம்.

கன்னியாகுமரியிலிருந்து மேற்கே கடலோரமாகச் சென்றால் மணக்குடி வரும். பழையாறு கடலோடு கலக்கும் கழிமுகம் இது. 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை இங்கிருந்த பாலத்தை அடித்துச் சென்றது. பின்னர்ப் புதிய பாலம் கட்டப்பெற்றது. அதனைக் கடந்து சென்றால், கலங்கரை விளக்கம் நிற்கும் முட்டத்தையும், 1741-ஆம் ஆண்டில் திருவிதாங்கூர்ப் படை டச்சுக்காரரை முறியடித்த குளச்சலையும் காணலாம். அங்கிருந்து வடக்கே திரும்பினால் தென்னந்தோப்புகளும் வாழைத் தோட்டங்களும் இருமருங்கும் நிழல் தரும். பத்மநாபபுரம் அரண்மனையைக் கண்டு மேலே சென்றால், மலைக்கும் மலைக்கும் இடையே பறளியாற்றின்மீது பாசன நீரைக் கொண்டு செல்லும் மாத்தூர்த் தொட்டிப் பாலம் தோன்றும். 1966-இல் கட்டப்பெற்ற இப்பாலம் சுமார் 115 அடி உயரமுடையது. அதற்கும் அப்பால், 1906-இல் கட்டி முடிக்கப்பெற்ற பேச்சிப்பாறை அணை உள்ளது. உழவருக்கு நீர் தரும் இப்பணிகளே இன்று பயணிகளின் கண்ணுக்கும் விருந்தாகின்றன.

பாதையைத் தேர்வது எவ்வாறு?

மிதிவண்டியில் செல்பவருக்கு எதிரிகள் இருவர். ஒன்று காற்று, மற்றொன்று மேட்டுச் சரிவு. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடியாக வளர்வது. வேகம் இரண்டு மடங்கானால் எதிர்ப்பு நான்கு மடங்காகும். எதிர்க்காற்று வீசும்போது மெதுவாகச் செல்பவரும் இத்துன்பத்தை அடைவர். தென்மேற்குப் பருவக் காலத்தில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே மேற்கிலிருந்து வீசும் பெருங்காற்றே முப்பந்தலின் காற்றாலைகளைச் சுழற்றுகிறது. அப்பருவத்தில் நெல்லைப் பக்கத்திலிருந்து நாகர்கோவிலை நோக்கி மிதிப்பவர் இரட்டிப்பு உழைப்பை அளிக்க வேண்டும். டிசம்பர் இறுதி முதல் பிப்ரவரி வரையிலான குளிர்ந்த காலம் பயணத்திற்கு ஏற்றது.

சரிவைப் பற்றியும் ஒரு கணக்கைக் கூறலாம். ஆளும் வண்டியுமாக 80 கிலோ எடை என்று கொள்வோம். இருபது அடி செல்வதற்குள் ஓரடி ஏறும் சாலையில் செல்வது, 4 கிலோ எடை பின்னிருந்து ஓயாமல் இழுப்பதற்கு ஒப்பாகும். பத்துக்கு ஒன்று என்ற சரிவானால் அது 8 கிலோவாகிவிடும். ஆகவேதான் மலைச்சாலைகளை இயன்றவரை இருபதுக்கு ஒன்று என்ற சரிவில் அமைக்கப் பொறியாளர்கள் முயல்கின்றனர். சாலை வளைந்து வளைந்து ஏறுவதும் இதன் பொருட்டே. கொல்லிமலைச் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் அமைந்ததன் காரணம் இதுவேயாகும். இறங்கும்போதோ இரண்டு பிரேக்குகளையும் விட்டுவிட்டுப் பிடித்து, வளைவை அடையும் முன்பே வேகத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

லாரிகளும் பேருந்துகளும் விரையும் நெடுஞ்சாலையை இவர்கள் விரும்புவதில்லை. குளக்கரை, வாய்க்கால் கரை, தோப்பு ஆகியவற்றை ஒட்டிச் செல்லும் ஒன்றியச் சாலைகளையும் கிராமச் சாலைகளையுமே நாடுகின்றனர். எனவே இவர்களுடைய பாதை நம் பொறுப்பிலுள்ள சாலையேயாகும்.

ஊருக்கு என்ன பயன்?

காரில் வருபவர் ஊரைக் கடந்து போய்விடுவர். மிதித்து வருபவரோ ஊரில் நின்றே தீரவேண்டும். ஒரு மணிக்கொரு முறை அவருக்குக் குடிநீர் வேண்டும். பசியாற உணவு வேண்டும். இளநீர், பதநீர், நுங்கு, அவித்த கிழங்கு ஆகிய அனைத்தும் அவருக்கு ஏற்ற உணவுகளே. 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற கன்னியாகுமரி மட்டி வாழைப்பழம் சட்டைப் பையில் வைத்துச் செல்லத்தக்கது. இவற்றைத் தோட்டத்து வாயிலிலேயே விற்றால் இடைத்தரகருக்கு இடமில்லை.

இதற்கெனப் பெருஞ்செலவில் கட்டடங்கள் எழுப்ப வேண்டுமோ என ஐயுற வேண்டா. ஜப்பான் நாட்டில் ஒனோமிச்சி, இமபாரி என்னும் இரு நகரங்களுக்கு இடையே, தீவுகளைப் பாலங்களால் இணைத்துச் செல்லும் ஷிமனாமி என்ற பாதை 1999-இல் நிறைவு பெற்றது. அதன் நீளம் சுமார் 70 கிலோமீட்டர். பாலங்கள் பெருஞ்செலவில் எழுந்தவை என்பது உண்மையே. ஆனால் ஊர்ச்சாலைகளில் வழிகாட்டுவது ஓரத்தில் தீட்டப்பெற்ற நீலக்கோடு ஒன்றே. ஊர்க் கடைகளே பல இடங்களில் பயணிகள் இளைப்பாறும் நிலையங்களாக விளங்குகின்றன. காற்றடிக்கும் பம்பு, குடிநீர், உட்கார ஒரு பலகை ஆகியவற்றை அளிப்பது நம் ஊர்த் தேநீர்க் கடைக்கும் இயலாததன்று.

நாம் கண்ட ஒரு நிகழ்ச்சி

வருபவர் நலத்தினும் முதன்மையானது ஊராரின் நலம். நாம் முன்னர்ப் பணியாற்றிய ஓர் ஒன்றியத்தில், அறுவடைக் காலத்து மாலைப்பொழுதில், பள்ளியிலிருந்து மிதிவண்டியில் திரும்பிய மாணவி ஒருத்தி, சாலையில் பரப்பியிருந்த வைக்கோலில் சக்கரம் வழுக்கி விழுந்தாள். அவளது முன்கை எலும்பு முறிந்தது. வைக்கோலைப் பரப்பியிருந்தவர் அவளுடைய பெரியப்பா. அவரைக் கடிந்துகொள்ளும் எண்ணத்துடனேயே நாம் சென்றோம். அவரோ, “ஐயா, உலர்களம் வேண்டுமென்று மூன்று முறை மனுக் கொடுத்தேன். களம் இல்லாதவன் கதிரை எங்கே காயவைப்பேன்?” என்றார். அலுவலகம் திரும்பிப் பார்த்தபோது, அம்மனுக்கள் நமது மேசையிலிருந்த கட்டிலேயே கிடந்தன. மறு ஆண்டு களம் அமைந்தது. சாலையும் வைக்கோலின்றித் துப்புரவாயிற்று. ஆனால் அதற்குள் ஒரு குழந்தையின் கை முறிந்துவிட்டது. சாலையைக் காக்கும் பொறுப்பு உழவருக்கு மட்டும் உரியதன்று என்பதை அன்று உணர்ந்தோம்.

ஊராட்சிகள் செய்யத்தக்கவை

1994-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி கிராமச் சாலைகளைப் பேணுதல் ஊராட்சியின் கடமைகளுள் ஒன்று. கீழ்க்காணும் பணிகளில் பல சிறு செலவிலேயே நிறைவேறக்கூடியவை.

1. தார்ச்சாலையின் ஓரமும் மண் ஓரமும் ஒரே மட்டத்தில் இருத்தல் வேண்டும். பேருந்துக்கு ஒதுங்கும் மிதிவண்டி அரையடிப் பள்ளத்தில் இறங்கினால் கவிழும்.

2. வேகத்தடைகளுக்கு வெள்ளை வண்ணம் பூசி, முன்னறிவிப்புப் பலகை நாட்ட வேண்டும்.

3. மழைக்குப் பின் வளைவுகளில் சேரும் மணலையும் சரளையையும் அகற்ற வேண்டும். மெல்லிய சக்கரம் முதலில் வழுக்குவது அங்கேதான்.

4. சிறு பாலங்களின் இடிந்த கைப்பிடிச் சுவர்களை உடனே சீர்செய்ய வேண்டும்.

5. அறுவடைக்கு முன்பே உலர்களத்தின் நிலையை ஆராய வேண்டும். களம் இல்லாத ஊர்கள் அதனைக் கிராம சபையில் தீர்மானமாக நிறைவேற்றி அனுப்ப வேண்டும்.

6. நிழல் மரங்களும், குடிநீர்க் குழாயும், பெண்களும் பயன்படுத்தத்தக்க தூய கழிப்பிடமும், ஊர்ப்பெயரும் தொலைவும் காட்டும் பலகையும் அமைதல் நன்று.

இப்பட்டியலில் நகரத்துப் பயணிக்கென்று தனியே செய்வது ஒன்றேனும் உண்டோ என்று உறுப்பினர்கள் எண்ணிப் பார்க்க வேண்டுகிறோம். பால்காரரும், பள்ளி மாணவியும், மண்வெட்டியைக் கட்டிக்கொண்டு வயலுக்குச் செல்லும் உழவரும் நாள்தோறும் பயன் பெறும் பணிகளே இவை. வருபவர் விரும்பும் சாலை முதலில் ஊராருக்கு நல்ல சாலையாக இருத்தல் வேண்டும்.

அடுத்த கிராம சபை கூடுவதற்கு முன்னர், உறுப்பினர்கள் ஒருநாள் காலையில் மிதிவண்டியில் ஏறி, ஊராட்சியின் எல்லையிலிருந்து எல்லை வரை ஒருமுறை சென்று வருவார்களாக. எங்கே இறங்கித் தள்ள நேர்ந்தது, எங்கே அஞ்சி ஒதுங்க நேர்ந்தது என்பதைக் குறித்துக்கொண்டால், சபையில் வைக்கவேண்டிய பட்டியல் தானே அமைந்துவிடும். அப்பட்டியல் ஒன்றிய அலுவலகத்திற்கு வரும்போது, அதனை மேசைக் கட்டில் கிடக்கவிடாமல் எடுத்துப் பார்ப்பது எம்போன்ற அலுவலர்களின் கடமையாகும்.