முறையை மாற்றும்போது ஜாக்கிரதை!

கொடைக்கானலுக்குப் போகிறவர்கள் வத்தலக்குண்டில் பஸ் மாறுவதுண்டு. பொழுது சாய்ந்த வேளையில், அடுத்த பஸ் உண்டா என்று விசாரிக்காமல் இறங்கிவிட்டால் என்ன ஆகும்? பையும் குழந்தையுமாகத் தெருவில் நிற்க வேண்டியதுதான்! கருத்தடை முறையை மாற்றுகிற சகோதரிகள் பலர் இப்படித்தான் நடுவழியில் நின்றுவிடுகிறார்கள்.

மேல்மலையில், பூம்பாறையில் இருக்கும் ஒரு தாயை நினைத்துப் பாருங்கள். இரண்டு குழந்தைகள். மாத்திரை சாப்பிட்டால் குமட்டுகிறது. "அடுத்த மாதம் ஆஸ்பத்திரிக்குப் போய் வேறு ஏற்பாடு செய்துகொள்வோம்" என்று மாத்திரையை நிறுத்திவிடுகிறாள். அப்புறம் அடைமழை, பூண்டுக் காட்டில் வேலை, மாமியாருக்கு ஜுரம்! இரண்டு மாதம் ஓடிவிடுகிறது. பிறகு காலண்டரைப் பார்த்துப் பார்த்துத் தூக்கம் கெடுகிறது. பட்டணத்திலும் இதே கதைதான்; மழைக்குப் பதில் குழந்தையின் பரீட்சை குறுக்கே வரும், அவ்வளவே!

அவள் பேரில் குற்றமில்லை. ஒத்துக்கொள்ளாததை மாற்றத்தான் வேண்டும். பழனி மலை அடிவாரத்து ஆத்தூர் வட்டாரத்தில் காந்திகிராமத்தார் 1959-ல் சுகாதாரத் திட்டம் தொடங்கிய காலத்தில் இத்தனை முறைகள் ஏது? 1965-ல் 'லூப்' வந்தது. உதிரப்போக்கு என்று வந்தவர்களைப் பல இடங்களில் சரியாகக் கவனிக்காததால், அதன் பேரே கெட்டது. இன்றோ ஒன்று ஒவ்வாவிட்டால் மற்றொன்று உண்டு. மாறுகிற விதத்தைத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

மாத்திரையிலிருந்து காப்பர்-டிக்கு மாறுகிறீர்களா? அது போட்ட அன்றே பலன் தரும். அந்த நாள் வரை மாத்திரையை விடாதீர்கள். காப்பர்-டியிலிருந்து மாத்திரைக்கா? டாக்டரைக் கேட்டு, எடுப்பதற்கு 7 நாள் முன்பே மாத்திரையைத் தொடங்குங்கள். ரத்த அழுத்தம், ஒற்றைத் தலைவலி இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள்.

காப்பர்-டிக்கும் ஆயுள் உண்டு: 380ஏ ரகத்துக்கு 10 ஆண்டு, 375-க்கு 5 ஆண்டு. கொடைக்கானலில் 2018-ல் குறிஞ்சி பூத்தது, அடுத்தது 2030-ல். அன்று 380ஏ போட்டுக்கொண்டவர் மறு குறிஞ்சி வரை காத்திருந்தால் இரண்டு ஆண்டு பிந்திவிடும்!

'அந்தரா' ஊசி மூன்று மாதத்துக்கு ஒருமுறை. அதை நிறுத்தினால் கருத்தரிக்கச் சில மாதம் தாமதமாகலாம். ஆனால் அந்தத் தாமதத்தை நம்பிச் சும்மா இருக்கக் கூடாது. அடுத்த ஊசிக்கான தேதிக்குள் புது முறையைத் தொடங்கிவிடுங்கள்.

நடுவில் இடைவெளி விழுந்தால் ஆணுறை இருக்கிறது. பொறுப்பு உங்கள் வீட்டுக்காரருக்கும் உண்டல்லவா? தவறிவிட்டால், 72 மணி நேரத்துக்குள் அவசர மாத்திரை சாப்பிடலாம். அல்லது 5 நாளுக்குள் காப்பர்-டி போட்டுக்கொள்ளலாம். நாள் தள்ளிப்போனால் மனத்துக்குள் மறுகாதீர்கள். சிறுநீர்ப் பரிசோதனை செய்துவிடுங்கள். எள்ளும் பப்பாளியும் தின்று உடம்பைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். கருத்தடை முறை தவறி உண்டான கர்ப்பத்தை 20 வாரம் வரை டாக்டர் மூலம் கலைத்துக்கொள்ள 1971-ம் ஆண்டுச் சட்டமும் 2021-ல் வந்த திருத்தமும் இடம் தருகின்றன.

ஆகவே சகோதரிகளே, அடுத்த பஸ் வந்து நிற்கிறதா என்று பாருங்கள். பிறகு நிம்மதியாக இறங்குங்கள்!